குடும்பமும் சமூக மாற்றமும்: பழமைவாத சமூகவியல் பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடும்பம் ஏன் மாறுது, மாறினா எது போகும், எது வரும்னு 200 வருஷத்துக்கும் மேல சண்டை நடந்துட்டு இருக்கு. அந்தச் சண்டைல பழமைவாதப் பக்கம் நின்னவங்க என்ன சொன்னாங்கன்னு சோசியாலஜி படிக்கிறவங்களும், சும்மா ஆர்வத்துல படிக்கிறவங்களும் கேக்குற கேள்விகளுக்கு எனக்குத் தெரிஞ்ச பதில்களை இங்க போட்டிருக்கேன். நான் நடுநிலைன்னு சொல்லிக்கப் போறதில்ல. இவங்க கேக்குற கேள்வியை ரொம்ப மதிக்கிறேன், அதுக்கு அவங்களே குடுக்குற பதில் பல இடத்துல பாதியோட நின்னுடுதுன்னும் நினைக்கிறேன், எங்க நிக்குதுன்னு கீழ படிச்சா தெரியும்.

பழமைவாதம்னா "அந்தக் காலம் மாதிரி வராது"ன்னு புலம்புறது தானே, இதுல சோசியாலஜி எங்க வந்துச்சு?

புலம்பல் வேற, வாதம் வேற. வாதம் என்னன்னா, மனுஷன் முதல்ல தனியா இருந்து அப்புறம் ஒப்பந்தம் போட்டு சமூகத்தை உண்டாக்கல, பொறக்கும்போதே யாரோ ஒருத்தருக்குப் பிள்ளையா ஒரு வீட்டுக்குள்ள தான் பொறக்குறான், அதனால சமூகத்தோட அடிப்படை அலகு தனிமனுஷன் கிடையாது, குடும்பம் தான். சோசியாலஜிங்கற பேரைப் பரப்பின ஆகுஸ்த் கோம்த் இதைத்தான் சொன்னார். அவருக்கு முன்னாடியே பிரிட்டிஷ் அரசியல்வாதி எட்மண்ட் பர்க் 1790ல பிரெஞ்சுப் புரட்சியை எதிர்த்து எழுதும்போது, சமூகம்ங்கறது இப்ப உயிரோட இருக்கறவங்க, செத்துப்போனவங்க, இனிமே பொறக்கப்போறவங்க எல்லாருக்கும் நடுவுல இருக்குற கூட்டுன்னு சொன்னார், அந்த வரியை இன்னைக்கு வரைக்கும் மேற்கோள் காட்டுறாங்க.

ரொம்ப நாளா நிக்குற ஒரு அமைப்பு, யாரும் திட்டம் போட்டுக் குடுக்காத பல வேலைகளைச் சத்தமில்லாம செஞ்சுட்டு இருக்கும். குழந்தைக்குப் பேச்சு கத்துக்குடுக்குறது, வேலை போனவனுக்கு ஆறு மாசம் சோறு போடுறது, படுத்த படுக்கையா கெடக்குறவங்களுக்கு ராத்திரி முழிச்சுத் தண்ணி குடுக்குறது, இதுக்கெல்லாம் பில் கிடையாது, கணக்கும் கிடையாது. அந்த அமைப்பைக் கழட்டும்போது இந்த வேலையை இனி யார் பாப்பாங்கன்னு கேளுங்கங்கறது தான் பழமைவாத சமூகவியலோட மையக் கேள்வி. மாற்றமே வேணாம்னு நிக்கிறவங்களும் இதுல உண்டு, ஆனா படிக்கத் தகுந்தவங்க எல்லாம் கேட்டுட்டு மாத்துங்கன்னு சொன்னவங்க தான்.

இந்தச் சிந்தனை எங்க ஆரம்பிச்சுது?

பிரான்ஸ்ல. புரட்சி அரசு 1792 செப்டம்பர்ல டிவோர்ஸ் சட்டம் கொண்டு வந்துச்சு, ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டா போதும், ஒத்துப்போகலன்னு ஒருத்தர் மட்டும் சொன்னாலும் வழி இருந்துச்சு. மன்னராட்சி ஆதரவாளரான லூயி தெ பொனால்ட் 1801ல அதுக்கு எதிரா ஒரு புத்தகமே எழுதினார். குடும்பத்துல இருக்குறது அப்பா, அம்மா, பிள்ளைன்னு மூணு பேர், ரெண்டு பேர் மட்டும் போட்ட ஒப்பந்தம்னா ரெண்டு பேரும் சேந்து முறிச்சுக்கலாம், மூணாவது ஆளை யாரும் கேக்கவே இல்லையேங்கறது அவரோட வாதம். மன்னராட்சி திரும்பினதும் 1816ல அவரே முன்னாடி நின்னு டிவோர்ஸை ஒழிக்க வச்சார், சட்டம் திரும்ப வர 1884 வரைக்கும் ஆச்சு.

வீட்டுல புருஷன், நாட்டுல ராஜா, மேல கடவுள்னு ஒரே வரிசைல பாத்தவர் பொனால்ட், அதை அப்படியே இன்னைக்கு எடுத்துக்க முடியாது. ஆனா "பிள்ளையைக் கேட்டீங்களா"ங்கற கேள்வி மட்டும் இன்னும் உயிரோட இருக்கு. ராபர்ட் நிஸ்பெட்னு அமெரிக்க சமூகவியலாளர் 1966ல இன்னும் ஒரு படி மேல போய், சமுதாயம், அதிகாரம், அந்தஸ்து, புனிதம், அந்நியமாதல்னு சமூகவியல் வச்சிருக்குற அடிப்படைக் கருத்துகளே இந்தப் புரட்சி எதிர்ப்புல இருந்து வளந்ததுன்னு வாதாடினார். கொஞ்சம் மிகைதான், ஆனா தள்ளிவிட முடியாது.

லெ ப்ளேன்னு ஒரு பேர் வந்துட்டே இருக்கே, யார் அவர்?

இந்த வரிசைலயே எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆள். ஃபிரெடெரிக் லெ ப்ளே, 1806ல பொறந்தவர், சுரங்க இன்ஜினியர். வேலை விஷயமா ஐரோப்பா முழுக்கச் சுத்தும்போது தொழிலாளிங்க வீட்டுல போய் உக்காந்து, வருஷத்துக்கு எவ்வளவு வருது, ரொட்டிக்கு எவ்வளவு போகுது, துணிக்கு எவ்வளவு, விறகு எங்கருந்து வருது, வீட்டுல யார் யாருக்கு என்ன வேலைன்னு வரவு செலவுக் கணக்காவே எழுதி வச்சார். 1855ல வந்த அவரோட பெரிய தொகுப்புல இப்படி 36 குடும்பங்களோட கணக்கு இருக்கு. குடும்பத்தைப் பத்திப் பொத்தாம் பொதுவா பிரசங்கம் பண்ணவங்க ஏராளம், வீட்டுக்குள்ள போய் ரொட்டிச் செலவை எழுதினவர் இவர்.

குடும்பத்தை மூணு வகையாப் பிரிச்சார். கல்யாணமான பசங்க எல்லாரும் அப்பன் அதிகாரத்துக்குக் கீழ ஒண்ணா இருக்குற தந்தைவழிக் குடும்பம், பசங்க எல்லாரும் கிளம்பிப் போய் பெத்தவங்க காலத்தோட வீடே கலைஞ்சுடுற நிலையற்ற குடும்பம், ஒரே ஒரு பிள்ளை வீட்டோட நின்னு சொத்தையும் பெரியவங்களையும் பாத்துக்க, மத்தவங்க ஒரு தொகையை வாங்கிட்டு வெளில போய்ப் பிழைச்சுக்குற மூலக்குடும்பம். மூணாவதுதான் அவருக்கு லட்சியம்.

அதுக்கு அவர் காட்டின உதாரணம் பைரனீஸ் மலைல கோத்தரே ஊரைச் சேந்த மெலூகா குடும்பம். அந்தப் பக்கத்துப் பழைய வழக்கப்படி மூத்த பிள்ளை ஆணோ பொண்ணோ அவங்கதான் வாரிசு, தம்பி தங்கச்சிங்க கல்யாணம் பண்ணிக்காம அங்கயே இருந்தா வேலை செஞ்சு சாப்பிடலாம், இல்லன்னா ஒரு பங்குத் தொகையோட வெளில போகலாம், நிலமும் துண்டாகாது ஆடு மாடும் பிரியாது. 1856ல அவர் போய்ப் பாத்தப்ப அந்த வீடு நல்லா நின்னுட்டு இருந்துச்சு. ஆனா நெப்போலியன் சட்டப்படி எல்லாப் பிள்ளைக்கும் பங்கு உண்டு, அப்புறம் சொத்து வழக்கு வந்து அந்தக் குடும்பம் ஒடஞ்ச கதையை அவரோட சீடர் எமில் ஷெய்சோன் பதிவு பண்ணார். லெ ப்ளே பார்வைல இது சட்டம் பண்ண கொலை. எனக்கு அந்தக் கணக்குல இன்னொண்ணும் தெரியுது, வீடு துண்டாகாம இருக்கணும்னு கல்யாணமே பண்ணிக்காம வாழ்க்கை பூரா மூத்தவங்க வீட்டுல உழைச்ச தம்பி தங்கச்சிங்களும் அதுல இருக்காங்க, அவங்க உழைப்பு இல்லாம அந்த வீடு ஒரு தலைமுறை கூட நின்னிருக்காது. அவங்க என்ன நினைச்சாங்கன்னு லெ ப்ளே பெருசா கேட்டுக்கல.

டர்க்ஹைம் பழமைவாதியா இல்லையா?

எமில் டர்க்ஹைம் பிரெஞ்சு சமூகவியலாளர். அரசியல்ல பழமைவாதி கிடையாது, குடியரசுவாதி, யூத ராணுவ அதிகாரி மேல பொய்யா தேசத்துரோகப் பழி போட்ட ட்ரேஃபஸ் வழக்குல ட்ரேஃபஸ் பக்கம் வெளிப்படையா நின்னவர். ஆனா அவர் பயன்படுத்தின கருவி எல்லாம் பழமைவாதிங்களுக்கு வசதியா அமைஞ்சுது. 1897ல தற்கொலை பத்தி எழுதினதுல, கல்யாணமும் அதை விட பிள்ளை குட்டியும் இருக்கறவங்க கிட்ட தற்கொலை குறைவு, மனுஷனோட ஆசைக்கு வெளில இருந்து ஒரு வரம்பு வேணும், அது போயிட்டா வர்ற நிலைதான் அனோமின்னு காட்டினார். இதை எல்லாரும் மேற்கோள் காட்டுவாங்க. அதே ஆராய்ச்சில இன்னொரு முடிவும் இருக்கு, டிவோர்ஸ் அதிகமா நடக்குற இடங்கள்ல கல்யாணமான ஆம்பளைங்களுக்கு இருந்த பாதுகாப்பு குறையுது, கல்யாணமான பொண்ணுங்க நிலைமை மேம்படுது. அதாவது ஒரே கல்யாணம் ரெண்டு பேருக்கும் ஒரே அளவுல நன்மை பண்ணலன்னு அவர் நம்பரே சொல்லுச்சு. இந்தப் பக்கத்தைப் பல பேர் புரட்டாமலே தாண்டிடறாங்க.

பரீட்சைக்கு மர்டாக், பார்சன்ஸ் ரெண்டு பேரும் வருவாங்க, சுருக்கமா சொல்ல முடியுமா?

அமெரிக்க மானிடவியலாளர் ஜார்ஜ் மர்டாக் 1949ல 250 சமூகங்களோட விவரத்தை ஒப்பிட்டு, தனிக்குடும்பம் எல்லா இடத்துலயும் இருக்கு, அதுக்குப் பாலுறவு, பிள்ளைப்பேறு, பொருளாதாரம், பிள்ளை வளர்ப்புன்னு நாலு வேலைன்னு சொன்னார். எல்லா இடத்துலயும்னு சொன்னது நிக்கல, புருஷன் கூட ஒரே வீட்டுல வாழாம அம்மா வழி வீட்டுலயே பிள்ளைங்க வளர்ந்த பழைய நாயர் முறையை வச்சு கேத்லீன் கௌ மாதிரி மானிடவியலாளர்கள் கேள்வி கேட்டாங்க.

அமெரிக்க சமூகவியலாளர் டால்கட் பார்சன்ஸ் 1955ல சொன்னது வேற மாதிரி. தொழில் ஃபேக்டரிக்குப் போச்சு, படிப்பு ஸ்கூலுக்குப் போச்சு, வைத்தியம் ஆஸ்பத்திரிக்குப் போச்சு, மிச்சம் நிக்குறது ரெண்டு வேலை, சின்னக் குழந்தையை மனுஷனாக்குறது, வளந்தவங்க மனசைச் சமநிலைல வைக்குறது. புருஷனுக்கு வெளி வேலை, பொண்டாட்டிக்கு உணர்வு வேலைன்னு பிரிச்சார். குடும்பம் அழியல, ஸ்பெஷலைஸ் ஆகுதுன்னு தான் அவர் சொன்னார், அதனால அவரைப் புலம்பல் கோஷ்டில சேக்க முடியாது. பிரச்சனை என்னன்னா அவர் கண் முன்னாடி இருந்த 1950கள் அமெரிக்கா ஒரு விதிவிலக்கான காலம், 1956ல அங்க பொண்ணுங்களோட முதல் கல்யாண வயசோட இடைநிலை 20.1, 1890ல கூட அது 22. அந்த விதிவிலக்கையே அளவுகோலா வச்சுட்டு அதுல இருந்து எது விலகினாலும் சீரழிவுன்னு பின்னாடி வந்தவங்க படிச்சாங்க, இது அந்தப் பக்கத்தோட பெரிய பலவீனம்.

குடும்பம் பலவீனமானதுக்கு அரசு காரணமா, மார்க்கெட் காரணமா?

பழமைவாதிங்களே இதுல ரெண்டா பிரிஞ்சு நிக்கிறாங்க, வெளில இருந்து பாக்குறவங்களுக்கு இது சட்டுனு தெரியாது.

அரசுன்னு சொல்றவங்கள்ல முக்கியமானவர் மேல சொன்ன நிஸ்பெட். 1953ல அவர் எழுதினது சுருக்கமா இதுதான்: குடும்பம், சர்ச், தொழில் சங்கம் இதெல்லாம் மக்களைக் கட்டிப் போட்டது பாசத்தால மட்டும் இல்ல, அதுங்க கைல வேலை இருந்துச்சு, உதவி வேணும்னா அங்கதான் போகணும். அந்த வேலையை எல்லாம் நவீன அரசு எடுத்துக்கிட்டதும் வெறும் பாசத்தை மட்டும் வச்சு அந்த அமைப்புகளால நிக்க முடியல, தனியா விடப்பட்ட மனுஷன் கடைசில அதே அரசு கிட்ட தான் போய் ஒட்டிக்குறான், சர்வாதிகாரம் வளர்ற மண் அதுதான். 1977ல பீட்டர் பெர்கரும் ரிச்சர்ட் நியூஹாஸும் இதைப் பாலிசியா மாத்தினாங்க, குடும்பம், அக்கம்பக்கம், வழிபாட்டு அமைப்பு, தன்னார்வ சங்கம்னு தனி ஆளுக்கும் அரசுக்கும் நடுவுல நிக்குற இடைநிலை அமைப்புகளை அரசு நசுக்கக் கூடாது, முடிஞ்சா அதுங்க வழியாவே உதவியைக் குடுக்கணும்னாங்க.

மார்க்கெட்னு சொல்றவங்க பக்கம் டேனியல் பெல் 1976ல ஒரு விஷயத்தைப் பிடிச்சார், முதலாளித்துவம் வேலைல சிக்கனமும் கட்டுப்பாடும் கேக்குது, கடைல வந்தா உடனே அனுபவின்னு சொல்லுது, ஒரே ஆள் ரெண்டாவும் இருக்க முடியாது. கிறிஸ்டோபர் லாஷ் இடதுசாரியா இருந்து வந்தவர், 1977ல அவர் எழுதினது இன்னும் கடுமை, டாக்டர், கவுன்சிலர், விளம்பரக்காரங்கன்னு நிபுணர் படை வீட்டுக்குள்ள வந்து, பிள்ளை வளக்க உனக்குத் தெரியாதுன்னு பெத்தவங்க கிட்டயே சொல்லி அவங்க அதிகாரத்தை வாங்கிட்டுப் போச்சுன்னு சொன்னார்.

நான் ரெண்டாவது பக்கத்தை இன்னும் அதிகமா கேக்கணும்னு நினைக்கிறேன். புருஷனுக்கு ராத்திரி ஷிஃப்ட், பொண்டாட்டிக்குக் காலை ஷிஃப்ட், அடுத்த வாரம் எந்த நேரம்னு இந்த வாரக் கடைசில தான் மெசேஜ் வரும், பிள்ளையை யார் கூட்டிட்டு வர்றதுன்னு தினமும் புதுசா முடிவு பண்ணணும், ரெண்டு பேரும் சேந்து உக்காந்து சாப்பிடுறது லீவு நாள்ல மட்டும். இந்த வீட்டை எந்த வெல்ஃபேர் திட்டமும் கெடுக்கல, எந்த டிவோர்ஸ் சட்டமும் கெடுக்கல. அரசைத் திட்டும்போது குரல் உயர்த்துறவங்க இந்த ஷிஃப்ட் பட்டியலைப் பத்திப் பேசாம போனா அவங்க கவலை குடும்பத்தைப் பத்தித்தானான்னு சந்தேகம் வருது.

குடும்பத்தைச் சட்டம் போட்டுக் கரைச்சுப் பாத்த இடம் உண்டா?

உண்டு, பழமைவாதிங்க திரும்பத் திரும்பப் போற உதாரணம் சோவியத் ரஷ்யா. 1918 குடும்பச் சட்டத்துல டிவோர்ஸ் ரொம்ப எளிசாச்சு, 1920ல கருக்கலைப்பு சட்டபூர்வமாச்சு, 1926 சட்டத்துக்கு அப்புறம் ஒருத்தர் மட்டும் பதிவு ஆபீஸ் போய் எழுதிட்டு வந்தா போதும், இன்னொருத்தருக்குத் தபால் அட்டைல தகவல் போகும். பொதுச் சமையல் கூடம், குழந்தைக் காப்பகம் எல்லாம் வந்து குடும்ப வேலையை எடுத்துக்கும்னு திட்டம், ஆனா அதுக்குப் பணமும் இல்ல கட்டடமும் இல்ல. உள்நாட்டுப் போர், பஞ்சம் எல்லாம் சேந்து லட்சக்கணக்கான பிள்ளைங்க தெருவுல நின்னாங்க, ஜீவனாம்சத்துக்குக் கோர்ட் கோர்ட்டா அலைஞ்சது பொண்ணுங்க. 1936ல அரசே பின்வாங்குச்சு, கருக்கலைப்புக்குத் தடை, டிவோர்ஸுக்கு முதல் தடவை 50 ரூபிள், ரெண்டாவது 150, மூணாவது 300னு கட்டணம், 1944ல இன்னும் இறுக்கினாங்க. ரஷ்யால இருந்து வெளியேறின நிகோலஸ் டிமாஷெஃப் 1946ல இதை எல்லாம் பெரும் பின்வாங்கல்னு எழுதினார்.

பாத்தீங்களா குடும்பம் இல்லாம முடியாதுன்னு இதை முடிச்சுடறது அவசரம். தெருப் பிள்ளைங்களுக்குப் போரும் பஞ்சமும் பெரிய காரணம், 1936ல ஸ்டாலினுக்கு மக்கள்தொகை தேவைப்பட்டுச்சு. நான் இதுல இருந்து எடுத்துக்குறது ஒண்ணுதான், வேலையை எடுத்துக்குறேன்னு அரசு அறிவிச்சுது, எடுத்துக்கல, நடுவுல விழுந்த சுமையைப் பிள்ளையோட நின்ன பொண்ணுங்க தூக்கினாங்க.

கிப்புட்ஸ் கதை இன்னும் சுத்தமான சோதனை, அங்க யாரும் கட்டாயப்படுத்தல. கிப்புட்ஸ்னு சொல்ற இஸ்ரேல் கூட்டுப் பண்ணைகள்ல பிள்ளைங்க ராத்திரி பெத்தவங்க வீட்டுல தூங்காம பிள்ளைங்க இல்லத்துல தான் தூங்குவாங்க. மெல்ஃபோர்ட் ஸ்பைரோ 1954ல கிப்புட்ஸ்ல குடும்பம்னு ஒண்ணு இருக்கான்னே கேட்டு எழுதினார். பணமும் ஆளும் இருந்துச்சு, பிள்ளைங்களை நல்லாவும் பாத்துக்கிட்டாங்க, இருந்தும் பெத்தவங்க, முக்கியமா அம்மாக்கள், பிள்ளை ராத்திரி எங்க கூடத் தூங்கணும்னு கேக்க ஆரம்பிச்சாங்க, 1990கள்ல அந்த ஏற்பாடு முடிஞ்சு போச்சு. பழமைவாத வாதத்துக்கு இருக்குறதுலயே வலுவான சாட்சி இதுதான்னு எனக்குத் தோணுது.

சிங்கிள் பேரன்ட் குடும்பம் பத்தின டேட்டா என்ன சொல்லுது?

இந்த விவாதம் 1965ல அமெரிக்க அரசுல வேலை பாத்த டேனியல் பாட்ரிக் மொய்னிஹன் அறிக்கைல இருந்து சூடாச்சு. அமெரிக்கக் கறுப்பினக் குடும்பங்கள்ல கல்யாணத்துக்கு வெளில பொறக்குற குழந்தைங்க கிட்டத்தட்ட கால்வாசின்னு சொல்லி, அடிமை முறை, வேலையின்மை ரெண்டும் குடும்பத்தை உடைச்சுது, ஒடஞ்ச குடும்பம் இப்ப தன்னாலயே வறுமையைத் தொடர வைக்குதுன்னு எழுதினார். பாதிக்கப்பட்டவங்க மேலயே பழி போடுறதுன்னு வில்லியம் ரையன் கடுமையா எதிர்த்தார், கேரல் ஸ்டாக் 1974ல சொந்தபந்தம், தோழிங்கன்னு பெரிய வலை சேந்து பிள்ளை வளக்குறதைக் காட்டினார். அதுக்கப்புறம் அந்த நாட்டுல மொத்தமா எல்லாரையும் சேத்தே கல்யாணத்துக்கு வெளில பொறக்குற குழந்தைங்க விகிதம் 1960ல 5% இருந்தது இப்ப 40% கிட்ட நிக்குது.

சாரா மெக்லானஹனும் கேரி சாண்டஃபரும் 1994ல வெளியிட்ட ஆய்வு தான் நிதானமானது. பெத்தவங்கள்ல ஒருத்தர் கூட மட்டும் வளந்த பிள்ளைங்க ஹைஸ்கூல் முடிக்காம நிக்குற வாய்ப்பு ரெண்டு மடங்கு, ஆனா அந்த வித்தியாசத்துல பாதி கிட்ட வருமானக் குறைவால வருது. பழமைவாதி முதல் பாதியைப் படிப்பார், எதிர்த்தரப்பு ரெண்டாவது பாதியைப் படிக்கும். தனியா பிள்ளை வளக்குற ஒரு அம்மாவைப் பாத்து இந்த நம்பரைச் சொல்றது அநியாயம், இது சராசரி, அவங்க வீட்டுத் தீர்ப்பு கிடையாது. அதே சமயம் சராசரியே இல்லன்னு மறைக்குறதும் பிள்ளைங்களுக்கு உதவாது.

டிவோர்ஸ் ஈஸியானது தான் எல்லாத்துக்கும் காரணமா?

இல்ல. கலிஃபோர்னியாவுல குற்றம் நிரூபிக்கத் தேவையில்லாத டிவோர்ஸ் சட்டம் 1969ல ரொனால்ட் ரீகன் கையெழுத்துல தான் வந்துச்சு, 1970ல அமலாச்சு, ஆனா அமெரிக்க டிவோர்ஸ் விகிதம் அதுக்கு முன்னாடியே ஏற ஆரம்பிச்சிருந்துச்சு, 1980 வாக்குல உச்சத்துக்குப் போய் அப்புறம் இறங்குச்சு. பெட்ஸி ஸ்டீவன்சனும் ஜஸ்டின் வுல்ஃபர்ஸும் 2006ல பாத்தப்ப, ஒருத்தர் மட்டும் கேட்டாலே டிவோர்ஸ் கிடைக்குற சட்டம் வந்த மாநிலங்கள்ல பொண்ணுங்க தற்கொலையும் வீட்டு வன்முறையும் குறைஞ்சிருந்துச்சு. வெளில போக கதவு இருக்குன்னு தெரிஞ்சாலே உள்ள இருக்குறவன் நடத்தை மாறுது. பொனால்ட் கேட்ட மூணாவது ஆள், அந்தப் பிள்ளை, அடி விழுற வீட்டுலயும் உக்காந்திருக்குங்கறதை அவர் யோசிக்கல.

அப்ப பொண்ணுங்க இந்தச் சித்திரத்துல எங்க?

இதுதான் எனக்கு இவங்க கூட இருக்குற பெரிய வழக்கு. குடும்பம் பண்ற வேலைக்கு விலையே போட முடியாதுன்னு சொல்றாங்க, முழுசா ஒத்துக்கறேன். அந்த வேலையைக் குடும்பம் செஞ்சுதுன்னு எழுதுறாங்க பாருங்க, அங்கதான் இடிக்குது. குடும்பம்னு ஒரு ஆள் ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து தண்ணி குடுக்கல, ஒரு பொண்டாட்டியோ மகளோ மருமகளோ தான் எழுந்தாங்க. ஜெஸ்ஸி பெர்னார்ட் 1972ல ஒவ்வொரு கல்யாணத்துக்குள்ளயும் அவனோட கல்யாணம், அவளோட கல்யாணம்னு ரெண்டு இருக்குன்னு எழுதினப்ப, டர்க்ஹைம் நம்பர்ல எட்டிப் பாத்த விஷயம் தான் வெளில வந்துச்சு. ஆர்லி ஹோக்‌ஷீல்ட் 1989ல காட்டினது, பொண்ணுங்க சம்பளத்துக்குப் போக ஆரம்பிச்ச பிறகும் வீட்டு வேலை ரெண்டாவது ஷிஃப்டா அவங்க தலைலயே விழுதுன்னு.

பழமைவாதப் பக்கம் இருந்து வர்ற நேர்மையான பதில் பிரிஜிட் பெர்கர் மாதிரி ஆளுங்க கிட்ட இருக்கு. அவங்க 1983ல பீட்டர் பெர்கரோட சேந்து எழுதினப்ப, குடும்பம் பொண்ணை அடக்குற சிறை மட்டும் கிடையாது, ஏழைப் பொண்ணுக்கு அரசு கிட்டயும் முதலாளி கிட்டயும் இருந்து இருக்குற ஒரே பாதுகாப்பும் பல நேரம் அதுதான்னு வாதாடினாங்க. இதை நான் ஒதுக்க மாட்டேன். ஆனா குடும்ப விழுமியம்னு பேசுறவங்க ஆம்பளை கைல தொடப்பத்தையும் பிள்ளையோட மருந்து பாட்டிலையும் குடுக்குறதைப் பத்தி எத்தனை பக்கம் எழுதியிருக்காங்கன்னு தேடிப் பாருங்க, கொஞ்சம் தான் கிடைக்கும்.

முன்னாடி எல்லாரும் பெரிய கூட்டுக்குடும்பமா இருந்தாங்கங்கறது உண்மையா?

எல்லா இடத்துலயும் இல்ல. பீட்டர் லாஸ்லெட்டும் அவர் குழுவும் இங்கிலாந்துப் பழைய பதிவேடுகளைத் தோண்டினப்ப, 16ம் நூற்றாண்டுக் கடைசில இருந்து 20ம் நூற்றாண்டு ஆரம்பம் வரைக்கும் சராசரி வீட்டுல 4.75 பேர் தான். சீக்கிரம் சாவு, லேட்டா கல்யாணம், தாத்தா பாட்டியோட சேந்து வாழ வாய்ப்பே பல பேருக்குக் கிடைக்கல.

நாகரிகமே அழியும்னு ஒரு குரூப் சொல்லுதே?

கார்ல் ஜிம்மர்மேன் 1947ல கிரேக்கம், ரோமை வச்சு, பரம்பரையே எல்லாம்னு இருந்த குடும்பம் மெல்ல இளகி, ஆளாளுக்குத் தனிங்கற நிலைக்கு வந்ததும் நாகரிகம் சரியுதுன்னு சொன்னார், அவரோட நண்பர் பிடிரிம் சொரோகினும் இதே போல பெரிய சுழற்சி பேசினவர். படிக்க சுவாரசியமா இருக்கும், சோதிச்சுப் பாக்க வழி இல்ல.

பிறப்பு விகிதம் குறையுறதை வச்சு பழமைவாதிங்க ஜெயிச்சுட்டாங்கன்னு சொல்லலாமா?

கவலை நிஜம் தான். மக்கள்தொகை அப்படியே நிக்க ஒரு பொண்ணுக்கு 2.1 குழந்தை வேணும், தென் கொரியாவுல 2023ல அது 0.72. ஆனா மருந்து யார் கிட்டயும் இல்ல. ருமேனியாவுல சர்வாதிகாரி சௌசெஸ்கு 1966ல கருக்கலைப்பைத் தடை பண்ணதும் 1.9ல இருந்த விகிதம் அடுத்த வருஷமே 3.7 ஆச்சு, அப்புறம் மளமளன்னு இறங்குச்சு, ரகசியக் கருக்கலைப்புல பொண்ணுங்க செத்தாங்க, அநாதை இல்லங்கள் நிரம்புச்சு. ஹங்கேரி கட்டாயம் இல்லாம வரிச்சலுகை, கடன் உதவின்னு நிறைய செலவழிச்சுது, 2011ல 1.2 சொச்சம் இருந்தது 2021ல 1.6 கிட்ட வந்து, 2024ல திரும்ப 1.4க்குக் கீழ போயிடுச்சு. தாராளவாதிங்க மெச்சுற ஃபின்லாந்துல 2023ல 1.26. வீட்டுல அடுப்படியோட நில்லுன்னாலும் பிள்ளை வரல, காப்பகம் கட்டிக் குடுத்தாலும் போதுமான அளவு வரல.

ஒரே பாலினக் கல்யாணத்தை எல்லா பழமைவாதிகளும் எதிர்க்குறாங்களா?

இல்ல, இங்கயும் ரெண்டு கட்சி. கல்யாணம்ங்கறது ஆணும் பொண்ணும் சேந்து பிள்ளை பெத்து வளக்குறதுக்காக உண்டான ஏற்பாடு, அதைத் தொட்டா அர்த்தமே போயிடும்ங்கறது ராபர்ட் ஜார்ஜ் மாதிரி ஆளுங்க நிலை. கல்யாணம் மனுஷனை நிலையா ஒருத்தர் கூட நிக்க வைக்குதுன்னா அதை ஏன் சிலருக்கு மட்டும் மறுக்குறீங்கன்னு ஆண்ட்ரூ சல்லிவன் 1989லயே பழமைவாதக் காரணத்தை வச்சே கேட்டார். பிரிட்டன்ல அப்ப பிரதமரா இருந்த டேவிட் கேமரன் 2011ல, கன்சர்வேட்டிவா இருக்குறதால தான் ஆதரிக்கிறேன்னு கட்சி மாநாட்டுலயே சொன்னார்.

இப்ப உருப்படியா நடக்குற விவாதம் எது?

வசதி இருக்குறவங்க, இல்லாதவங்க நடுவுல கல்யாணம் பிரிஞ்சு போனது. சார்ல்ஸ் முர்ரே 2012ல அமெரிக்க வெள்ளையினத்தவரை மட்டும் எடுத்துக் காட்டினார், 30ல இருந்து 49 வயசு உழைக்கும் வர்க்கத்துல 1960ல 84% பேர் கல்யாணமாகி இருந்தாங்க, 2010ல 48%. மேல்தட்டுல அது 94%ல இருந்து 80 சொச்சத்துக்குத் தான் இறங்குச்சு. பேச்சுல கல்யாணத்தைக் கிண்டலடிக்கிற படிச்ச கூட்டம் வீட்டுல கல்யாணம் பண்ணிட்டுச் சேந்தே இருக்கு.

காரணம் என்னங்கறதுல முர்ரே பண்பாடு, உழைப்பு, ஒழுக்கம் தளர்ந்ததைச் சொல்றார், 1984ல இருந்தே வெல்ஃபேர் மேல பழி போட்டவர் அவர். வில்லியம் ஜூலியஸ் வில்சன் 1987லயே வேற காரணம் காட்டினார், நகரங்கள்ல ஃபேக்டரி வேலை போனதும் நிலையான சம்பளம் வாங்குற ஆம்பளைங்க குறைஞ்சாங்க, கட்டிக்க ஆள் இல்லாத இடத்துல கல்யாணம் எங்கருந்து நடக்கும்னு. எனக்கு வில்சன் சொல்றது தான் முதல்ல நடந்ததுன்னு படுது, ஆனா ரெண்டு தலைமுறை கல்யாணமே பாக்காம வளந்த ஒரு இடத்துல ஃபேக்டரி திரும்பத் திறந்தா கல்யாணமும் தானா திரும்பி வந்துடும்னு சொல்ல எனக்குத் தைரியம் இல்ல, அந்த இடத்துல முர்ரே கேக்குறதையும் உக்காந்து கேட்டுத்தான் ஆகணும்.